முப்பத்திரண்டு எழுத்து

பாயா ரும்புட், மலாக்கா
11.8.1996

தேவி,

நீ மூன்று முறை போன் செய்ததாகப் பாலகிருஷ்ணன் கடையில் சொன்னார்கள். கடைக்காரர், அரிசி வாங்க வந்தவர்கள், கேஸ் தோம்பு எடுக்க வந்தவர்கள் எல்லாரும் நிற்கும் இடத்தில் இதை எப்படிப் பேசுவது? அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் கம்பெனி டிவிக்கு எடுத்த உருமி மேளப் படத்தை இதுவரை பத்தொன்பது முறை பார்த்துவிட்டேன். மொத்தம் இருபத்தாறு நிமிடம். அதில் என் தம்பி கவிநேசன் பேசுவது ஏழு விநாடி. அந்த ஏழு விநாடியை மட்டும் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. வீடியோ ரெக்கார்டரில் நிறுத்தும் பொத்தான் தேய்ந்துவிட்டது.

ஜூலை ஏழாம் தேதி சாயங்காலம் அந்தப் படம் ஒளிபரப்பானபோது எங்கள் வீட்டில் பதினாறு பேர் இருந்தார்கள். கவி போய் ஒவ்வொரு வீடாக அழைத்து வந்திருந்தான். பெத்தம்மாள் அத்தையைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைத்தான். "கீழ ஓடுற மலாய் எல்லாம் எங்க அக்கா எழுதுனது. நான் படிக்கிறேன், கேளுங்க" என்றான். ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தான். மலாய் தெரிந்தவர்களுக்கும் படித்துக் காட்டினான். நான் அடுப்படியில் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். அவன் குரல் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. பாதிப் படத்தில் நின்றுவிட்டது. பஜ்ஜித் தட்டோடு நான் வந்தபோது கடைசியில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. "ஒம் பேரப் போடலக்கா. நல்லதுதான்" என்றான். எனக்கு ஆறுதல் சொல்கிறான் என்று நினைத்தேன்.

உனக்குத் தெரியாததை இப்போது சொல்கிறேன். நீங்கள் பிப்ரவரியில் படம் எடுத்துவிட்டுப் போன அடுத்த ஞாயிறு சுங்கை ரம்பாய் கோயில் திருவிழாவில் நம் ஊர் மேள செட்டும் அந்த ஊர் செட்டும் போட்டி போட்டு உருமி அடித்தார்கள். முடிந்த பிறகு கார் நிறுத்துகிற பக்கம் சண்டை. அந்த ஊர் செட்டில் தப்பு மேளம் அடிக்கும் காந்தன் என்ற பையனுக்கு இடது கண் போய்விட்டது. யார் அடித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கவி அந்த நேரம் அப்பாவின் லோரியில் உருமிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். விஷயம் அப்படியே அடங்கியிருந்தது. உங்கள் படம் வந்த மூன்றாம் நாள் அவனைப் போலீசில் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் வைத்திருந்து, பிறகு வெளியே விட்டார்கள். படத்தில் கீழே ஓடிய வரியைக் காட்டி, "நீ இப்படிச் சொன்னாயா?" என்று கேட்டிருக்கிறார்கள். "ஆமாம்" என்று சொல்லியிருக்கிறான்.

ஏன் ஆமாம் என்றான்? இதுதான் எனக்குப் புரியவில்லை.

பெக்டரியில் வேலை போனது. காந்தனின் அண்ணன்மார் இரண்டு மோட்டார் சைக்கிளில் வந்து எங்கள் வீட்டு கேட்டை உதைத்துவிட்டுப் போனார்கள். ஜூலை இருபத்தெட்டாம் தேதி கவி வீட்டை விட்டுப் போய்விட்டான். உருமியை ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். எங்கே இருக்கிறான் என்று தெரியாது.

அந்த வரி இது: "அஹாட் டெப்பான் கெ சுங்கை ரம்பாய். காமி புக்குல், மெரேக்கா தா பாங்குன்." அடுத்த ஞாயிறு சுங்கை ரம்பாய்க்கு. நாங்கள் அடிப்போம், அவர்கள் எழ மாட்டார்கள்.

உருமி அடிப்பதைப் பற்றி ஒருவன் பெருமை பேசினால் அதை நான் இப்படியா மலாயில் எழுதுவேன்? யார் மாற்றினது, தேவி?

கலைமகள்

*

கோலாலம்பூர்
19.8.96

கலை,

லெட்டர் படிச்சதும் டாய்லெட்ல போய் உக்காந்து அழுதேன். ஆபீஸ்ல அழுவறதுக்கு அது ஒண்ணுதான் கதவு உள்ள இடம்.

கவி வீட்ட விட்டுப் போனது எனக்குத் தெரியவே தெரியாது. சத்தியமா. ஷூட்டிங் அன்னிக்கு எங்க ஒலிப்பதிவுப் பெரியவருக்கு அவன் தலையில துண்டு கட்டிவிட்டு, "அங்கிள், இப்ப நீங்களும் நம்ம செட்டு"ன்னு சொன்னான். அவரு அந்தத் துண்ட இன்னும் வச்சிருக்காரு.

நீ கேட்டதுக்குப் பதில். அந்த வரிய நாங்க மாத்தினோம். எடிட்டிங்ல கடைசி நேரத்துல அவசரம். நீ எழுதினது நீளமா இருந்துச்சு, நான்தான் வெட்டினேன். மன்னிச்சிக்கோன்னு சொன்னா போதாதுன்னு தெரியும். என்னைத் திட்டு. நல்லாத் திட்டு. ஆனா உன் மேல ஒரு தப்பும் இல்ல, அத மட்டும் மனசுல வச்சிக்கோ.

டீச்சர் காலேஜ் இண்டர்வியூ என்னாச்சு? ஜூலை பதினாறுன்னு சொன்னியே, போனியா? நீ போகலன்னா நான் மலாக்காவுக்கு வந்து உதைப்பேன்லா.

சாப்பிடு. பஸ்ல புக் படிச்சிக்கிட்டே இறங்குற இடத்த விட்டுறாதே.

தேவிஸ்ரீ

*

பாயா ரும்புட்
25.8.1996

தேவி,

திட்டச் சொன்னாய். எனக்குத் திட்டத் தெரியாது என்பது ஆறாம் படிவத்திலிருந்தே உனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது படிப்பது ஒன்றுதான். அதனால் உன் படத்தைப் படித்திருக்கிறேன். மலாக்கா நூலகத்தில் சினிமா எடுக்கும் முறை பற்றி இருந்த நான்கு புத்தகங்களையும் கொண்டு வந்தேன். ஒன்றில் நடுப் பக்கங்களை யாரோ கிழித்திருக்கிறார்கள்.

பத்தாவது நிமிடம் வரை உன் படம் அழகாக இருக்கிறது. சந்தையில் கேசட் விற்கும் அம்மா, பையன்கள் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொள்வது, உருமியின் தோலில் வளைந்த குச்சியைத் தேய்த்ததும் அது மாடு மாதிரி உறுமுவது. காமிரா அவர்கள் கண் உயரத்தில் இருக்கிறது. யாரையும் அவசரப்படுத்தவில்லை. இதைச் செய்தவள் என் சிநேகிதி என்று முதல் முறை பார்த்தபோது பெருமையாகத்தான் இருந்தது.

பதினோராம் நிமிடத்தில் காமிரா தரைக்கு இறங்கிவிடுகிறது. முழங்கால் உயரத்திலிருந்து மேலே பார்க்கிறது. இருபது வயதுப் பையன்கள் திடீரென்று பனைமரம் போலத் தெரிகிறார்கள். உருமி அடிக்கும் கையை மெதுவாக ஓட்டியிருக்கிறீர்கள். வேகமாக அடித்தால் அது தாளம். மெதுவாக ஓங்கினால் அடி. பிறகு ஒரு போலீஸ் கார், நான்கு விநாடி. அந்தக் காரின் பின்னால் தெரிவது மலாக்கா டவுனில் இருக்கிற மணிக்கூண்டு. கோயிலுக்கும் அதற்கும் எத்தனை மைல்? அது எந்த நாள் எடுத்த கார்? அதற்கு அடுத்து கவியின் முகம். அவன் வாய் அசைகிறது. சிரிக்கிறான். ஆனால் அவன் குரல் இல்லை. அவன் பேச்சின் மேல் உருமிச் சத்தத்தை ஏற்றிவிட்டீர்கள். என் தம்பி என்ன சொன்னான் என்று தமிழ் தெரிந்தவனும் கேட்க முடியாது. கீழே ஓடுகிற வரியை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த வரி முடிந்ததும் திரை ஒரு விநாடி கறுப்பாகிறது.

காருக்கு முன்னால் அவன் முகத்தை வைத்திருந்தால் போட்டிக்குப் போகிற பையன். காருக்குப் பின்னால் வைத்ததால் குற்றவாளி. வேறு எதையும் நீங்கள் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று நம்புகிறேன். நம்புவதால் எதுவும் குறையவில்லை.

இப்போது ஒரு வேலை இருக்கிறது. எனக்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று, வெட்டாத டேப். அவன் குரல் அதில் இருக்கும். இரண்டு, நான் எழுதிக் கொடுத்த மொழிபெயர்ப்புத் தாள். படம் காட்டாமல் முந்நூற்று நாற்பத்தாறு வரிகளைத் தாளில் கொடுத்தாய். பெயர்கூட இல்லை, இளைஞன் 1, இளைஞன் 2 என்று இருந்தது. இரண்டு நாளில் முடித்தேன். அந்தத் தாளில் என் கையெழுத்தில் சரியான வரி இருக்கும். அதைப் போலீசிலும் பெக்டரியிலும் காட்டுவேன். காந்தன் வீட்டுக்கும் அப்பாவோடு போவேன். அவன் சொன்னது வேறு, கீழே ஓடியது வேறு என்று தெரிந்தால் கவி திரும்பி வரலாம்.

இண்டர்வியூவுக்குப் போனேன். இன்னும் தகவல் இல்லை.

கலைமகள்

*

கோலாலம்பூர்
4.9.96

கலை,

கார் ஷாட் நான் போட்டது. பாஸ், "நடுவுல டல்லா இருக்கு, கொஞ்சம் டென்ஷன் ஏத்து"ன்னாரு. டவுன்ல வேற ஒரு புரோகிராமுக்கு எடுத்த கார் அது. உருமிச் சத்தம் ஏத்தினதும் நான்தான். அந்த இடத்துல காத்து அடிச்சு வாய்ஸ் சரியா விழல. இந்த ரெண்டுக்கும் என்ன தண்டனை குடுத்தாலும் வாங்கிக்கிறேன். தரைக்கு இறங்கின காமிரா மட்டும் காமிராமேனோடது. அவருக்கு முழங்கால் வலி, உக்காந்து எடுத்தாரு. உன் நாலு புக்லயும் அது இருக்காது.

டேப் இல்ல. பீட்டாகேம் டேப் விலை அதிகம், படம் ஒளிபரப்பானதும் அழிச்சுட்டு மறுபடி யூஸ் பண்ணுவாங்க. கவி இருந்த டேப்புல இப்ப ஒரு சமையல் போட்டி இருக்கு. நானே போய்ப் பார்த்தேன். அவன் சிரிச்ச இடத்துல ஒரு அம்மா தேங்காய் துருவுறாங்க.

தாளும் கிடைக்கல. ஆபீஸ் மாடி மாறினோம், நிறைய தூக்கிப் போட்டுட்டாங்க. வேணும்னா நான் ஒரு லெட்டர் எழுதித் தரேன், மாத்தினது நான்தான்னு கையெழுத்துப் போட்டு. அது போதும்லா? தாள விட்டுரு.

தேவிஸ்ரீ

*

பாயா ரும்புட்
8.9.1996

தேவி,

நீ எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை. ஆறாம் படிவத்தில் நான் வகுப்பில் எழுதி அனுப்பிய துண்டுச் சீட்டுகளைக்கூட பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறாய்.

உன் கடிதம் எனக்கு வேண்டாம். அவனுக்காக அவன் அக்காவின் சிநேகிதி எழுதிய கடிதத்தை யார் நம்புவார்கள்? உன் வேலை போய்விடும் என்று பயப்படுகிறாயா? அப்படியானால் அதைச் சொல்லிவிடு. அதையாவது நான் புரிந்துகொள்ள முடியும்.

நேற்று அம்மா கவியின் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டாள். எல்லாம் துவைத்து மடித்து வைத்திருந்த சட்டைகள். எங்கள் வீட்டில் பையன் இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாதாம். அப்பா லோரியிலிருந்து இறங்கி அந்தக் கொடியைப் பார்த்துவிட்டு மறுபடி லோரியில் ஏறிப் போய்விட்டார்.

தாளை அனுப்பு. இல்லையென்றால் இனி எழுதாதே.

கலைமகள்

*

கோலாலம்பூர்
15.9.96

கலை,

இதோட தாள் இருக்கு. இருபத்தொண்ணாவது பக்கம். முதல்ல இந்த லெட்டர முழுசாப் படி, அப்புறம் அதப் பிரி. நீ அப்படிச் செய்ய மாட்டேன்னு தெரியும். ஆனாலும் எழுதுறேன்.

நான் பொய் சொன்னேன். அந்த வரிய யாரும் மாத்தல. நீ குடுத்தது அப்படியேதான் டைப் ஆச்சு. உன் முதல் லெட்டர் வந்த அன்னிக்கே தாள எடுத்துப் பார்த்தேன். பார்த்துட்டு, என் மேலயே இருக்கட்டும்னு நினைச்சேன். எப்படியும் கார் என்னோடது. ஒரு பழியோட இன்னொண்ணு சேர்ந்தா என்ன பாரம் கூடிடப் போகுது?

கலை, கேளு. விதிய வச்சது நாங்க. ரெண்டு வரிதான் இருக்கணும், மலாய எழுதுற ரோமன் எழுத்துல வரிக்கு முப்பத்திரண்டு எழுத்துக்கு மேல போகக் கூடாது, இடைவெளியும் எழுத்துத்தான்னு உனக்குச் சொன்னது நான். நீ அந்த விதிய ஒழுங்காக் கடைப்பிடிச்சே. வேற எவளாவது ஆயிருந்தா நீளமா எழுதிக் குடுத்திருப்பா, நான் திரும்ப அனுப்பியிருப்பேன், ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்திருப்போம். நீ திருத்த வேண்டாத அளவுக்கு நல்லாச் செஞ்சே. அதான் நடந்தது.

அந்தத் தாள யார்கிட்டயும் காட்டணும்னு இல்ல. கிழிச்சுப் போட்டாலும் நான் கேக்க மாட்டேன். என்கிட்ட வேற காப்பி இல்ல.

தேவி

*

பாயா ரும்புட்
29.9.1996

தேவி,

உன் கடிதத்தை முழுதாகப் படிப்பதற்கு முன்னால்தான் தாளைப் பிரித்தேன்.

இருநூற்று எழுபத்து மூன்றாம் வரி, இளைஞன் 3. மேலே தமிழில் தட்டச்சில் அவன் சொன்னது முழுவதும் இருக்கிறது: "அடுத்த ஞாயிறு சுங்கை ரம்பாய்க்குப் போறோம். அந்த ஊரு செட்டுகூடப் போட்டி. நாங்க உருமி அடிக்கிற அடியில அவங்க செட்டு எந்திரிக்கவே மாட்டாங்க பாருங்க." கீழே பென்சிலில் என் எழுத்து. "காமி புக்குல் கெண்டாங், மெரேக்கா தா பாங்குன்." ஓரத்தில் 38 என்று எண்ணி எழுதியிருக்கிறேன். பிறகு கெண்டாங் என்ற சொல்லின் மேல் ஒரு கோடு. மேளம் என்ற அந்த ஒரு சொல்லுக்கு இடைவெளியோடு எட்டு எழுத்து. அதை எடுத்ததும் முப்பது. பக்கத்தில் ஒரு சரி அடையாளம். நேர்த்தியான கோடு, அடிமட்டம் வைத்துப் போட்டிருக்கிறேன்.

படம் முழுக்க உருமியைப் பற்றியது, பார்க்கிறவனுக்குத் தெரியாமலா போகும் என்று நினைத்திருப்பேன். நினைத்தது ஞாபகம் இல்லை. இளைஞன் 3 என் தம்பி என்று தெரியவும் இல்லை. உன் காரை நான்கு விநாடி என்று எண்ணி எழுதினேன் அல்லவா? இந்தக் கோட்டை இழுக்க எனக்கு ஒரு விநாடிகூட ஆகியிருக்காது.

டேப் அழிந்துவிட்டது. அவன் சொன்னது முழுவதும் மிச்சம் இருப்பது இந்தத் தாளில் மட்டும்தான். அவனைக் காப்பாற்ற வேண்டுமானால் என் கோட்டையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும். காட்டினேன்.

பெக்டரியில் ஆள் எடுக்கும் பகுதியில் மோகனா என்ற பெண் இருந்தாள். நிதானமாகப் படித்தாள். "பாவம்லா, நல்ல பையன். ஆனா அந்த எடத்துக்கு ஆள் போட்டாச்சு அக்கா" என்றாள். போலீசில் ஒரு அதிகாரி மரியாதையாகவே பேசினார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது யார் எழுத்து என்று கேட்டார். என்னுடையது என்றேன். உங்கள் தம்பி மேல் வழக்கு எதுவும் இல்லையே, அவரே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் மட்டும்தான் கோப்பில் இருக்கிறது என்றார். அதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். தாளை நகல் எடுத்துக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்.

காந்தன் வீட்டில் கதவைத் திறந்தது காந்தன்தான். அவனிடம் தாளை நீட்டினேன். ஒரு கண்ணால் படித்தான். "கவி எங்கள அடிக்கலன்னு எனக்குத் தெரியும் அக்கா. அண்ணன்மாருக்கு யாரையாச்சும் அடிக்கணும்" என்றான். அப்பா அவன் தோளைத் தொடப் போனார், தொடவில்லை.

போன ஞாயிறு மத்தியானம் பாலகிருஷ்ணன் கடைக்குக் கவி போன் செய்தான். இரண்டு மாதத்தில் முதல் முறை. கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எனக்கு யாரும் கண்ணில் படவில்லை.

"அக்கா, அம்மா நல்லா இருக்காங்களா?"

"தாளு கெடச்சிருச்சுடா. கெண்டாங்க வெட்டுனது நான்தான்."

அந்தப் பக்கம் காசு விழுகிற சத்தம்.

"தெரியும்கா."

"எப்பலேருந்து?"

"அன்னிக்கேதான். நீ எழுதுன வரி எனக்குத் தெரியாதா? ஒவ்வொண்ணாப் படிச்சேன்லா, எல்லாம் ஒன்ன மாரியே சுருக்கமா, அழகா இருந்துச்சு. அதுவும் அப்படித்தான் இருந்துச்சு."

"பின்ன ஏன்டா ஆமான்னு சொன்ன?"

"இல்லன்னா, அப்ப இத எழுதுனது யாருன்னு கேப்பாங்கல்ல. ஒனக்கு அடுத்த வாரம் இண்டர்வியூ."

"பைத்தியமாடா நீ?"

"பேரு போடாததே நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன். பஜ்ஜித் தட்ட எடுத்துக்கிட்டு சிரிச்சுக்கிட்டே வந்த. ஒன்கிட்ட எப்படிச் சொல்றது?"

"வீட்டுக்கு வா. தாளக் காட்டிட்டேன். எல்லார்கிட்டயும் காட்டிட்டேன்."

"காந்தன் அண்ணனுங்க தாளு படிக்கிற ஆளுங்களா?" என்று சிரித்தான். அதே சிரிப்பு, பதினோராம் நிமிடத்தில் குரல் இல்லாமல் சிரிக்கிறானே, அது. "இங்க லோரி அட்டெண்டன் வேலை. உருமின்னா என்னன்னே இங்க யாருக்கும் தெரியாது. பரவால்லக்கா. வைக்கிறேன், காசு இல்ல." எங்கே இருக்கிறான் என்று கேட்பதற்குள் அறுந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. மலாய் மொழிப் பாடம். அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள். போவேனா என்று தெரியவில்லை. போகாவிட்டால் அவன் சொன்ன ஆமாம் வீணாகிவிடும். போனால் தினமும் கரும்பலகையில் அந்த மொழியைத்தான் எழுத வேண்டும்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்தபோது எழுத எளிதாக இருந்தது.

போலீசில் அதிகாரி காட்டிய வாக்குமூலத்தை நான் நின்றபடியே படித்தேன். உங்கள் விதிப்படி எண்ணினேன், பழக்கமாகிவிட்டது. திரையில் ஓடிய வரியை நீதான் சொன்னாயா என்ற கேள்வி மூன்று வரிக்கு நீள்கிறது. ஒரு வரியிலும் அடங்காத கேள்வி. அதன் கீழே கவியின் பதிலை எழுதியிருக்கிறார்கள். ஆமாம் என்பதற்கு மலாயில் 'யா'. ரோமனில் இரண்டே எழுத்து. அதில் எதையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை.

கலைமகள்